ஒரு வண்டி போகும் அகலம்

தோட்டக்கரை பஞ்சாயத்து போர்டுக்கு 1934இல் தேர்தல் வந்தபோது, பாவடித் தெருவிலிருந்து யார் நிற்பது என்பதில் தெருவின் இரண்டு பெரிய குடும்பங்களுக்கும் முட்டிக்கொண்டது. ஒரு வீட்டார் நின்றால் மறு வீட்டார் ஓட்டுப் போடமாட்டார்கள். பள்ளிவாசலில் கூடிக் கூடிப் பேசியும் தீரவில்லை. கடைசியில், இரண்டு வீட்டுக் கல்யாணங்களிலும் கை நனைக்கக்கூடிய ஒரே ஆள் யார் என்று பார்த்து, தறிக்காரர் துல்கர்னைனைப் பிடித்து நிறுத்தினார்கள். எதிர்த்து நிற்க யாரும் வராததால் ஒரு ஓட்டுக்கூட விழாமலே அவர் மெம்பர் ஆகிவிட்டார்.

அப்போது அவருக்கு நாற்பத்திரண்டு வயது. அதிகம் பேசாதவர். தமிழ் எழுத்துக்கூட்டி வாசிப்பார். இங்கிலீஷ் தெரியாது.

"மெம்பர்னா என்ன செய்யணும்?" என்று மனைவி நூர்நிஷா கேட்டாள்.

"மாசம் ஒருநாள் போயி உக்காரணுமாம்."

"உக்காந்து?"

"போனாத்தானே தெரியும்."

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் பாதி தூரம் வந்து, சிற்றாற்றுப் பக்கமாகத் திரும்பினால் தோட்டக்கரை. ஊரின் மற்றத் தெருக்கள் எல்லாம் ஒரு வண்டி போனால் இன்னொன்று ஒதுங்கி நிற்கிற அளவுதான். பாவடித் தெரு மட்டும் நல்ல அகலம். அகலத்துக்குக் காரணம் உண்டு. நெய்வதற்கு முன்னால் பாவு நூலை முப்பது முழத்துக்கு நீட்டிக் கட்டி, கஞ்சி தோய்த்து, இரண்டு பக்கமும் ஆட்கள் நடந்து நடந்து பாவாற்றி என்கிற நீளத் தூரிகையால் நீவிக் காயவைக்க வேண்டும். அதற்கு வீட்டுக்குள் இடம் ஏது? விடிந்ததும் தெருவின் இரண்டு ஓரத்திலும் கழிகளை ஊன்றிப் பாவை விரித்துவிடுவார்கள். ஆணும் பெண்ணுமாக வேலை செய்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டி எடுத்துவிடுவார்கள். கஞ்சி ஈரத்தோடு பாவைச் சுருட்ட முடியாது. சுருட்டினால் நூலோடு நூல் ஒட்டி, ஒரு மாதப் பிழைப்பு வீணாகிவிடும்.

அந்த வருஷம் மாசி மாதத்தில் ஒருநாள் காலை, தெற்குத் தெருவில் கல்யாணசுந்தரி என்ற பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. வில்வண்டியில் படுக்கவைத்துத் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். சாலைக்குப் போக நேர்வழி பாவடித் தெருதான். தெரு முழுக்க ஈரப் பாவு. வண்டிக்காரன் கத்தினான், வண்டிக்குள் அவளும் கத்தினாள். ஏழெட்டுப் பேர் ஓடிவந்து கழிகளைப் பிடுங்கப் பார்த்தார்கள். ஒரு பாவை எடுத்தால் அதற்கு அப்பால் இன்னொன்று. வேறு வழியில்லாமல் வண்டி திரும்பி ஆற்றங்கரைப் பாதையில் சுற்றிக்கொண்டு போயிற்று. பாதி வழியில், வண்டியிலேயே குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தது பெரிய காரியம் என்று ஊரே சொன்னது. துல்கர்னைன் அன்று கழி பிடுங்கியவர்களில் ஒருவர். அந்தக் கத்தல் வெகுநாள் அவர் காதை விட்டுப் போகவில்லை.

போர்டின் சானிட்டரி இன்ஸ்பெக்டர் ஞானதுரை நாசரேத் பக்கத்துக்காரர். காக்கி அரைக்கால்சட்டையும் சைக்கிளுமாக விடிகாலையிலேயே ஊரைச் சுற்றுகிறவர். சாக்கடையில் குப்பை கொட்டினால் யார் வீடு என்று பார்க்காமல் எழுதிவிடுவார் என்று பேர். பொதுத்தெருவை அடைப்பதைத் தடுக்க போர்டு ஒரு பைலா போட வேண்டும் என்று அவர்தான் அறிக்கை எழுதிவைத்தார். பைலா என்றால் அந்த ஊருக்குள் மட்டும் செல்லுகிற சட்டம். போர்டு மெம்பர்கள் கை தூக்கி நிறைவேற்றி, ஆட்சேபம் கேட்டு, மேலிடத்து ஒப்புதலும் வந்துவிட்டால், அதை மீறுகிறவன் கோர்ட்டில் போய் நிற்க வேண்டியதுதான்.

துல்கர்னைன் உட்கார்ந்த மூன்றாவது கூட்டத்தில் அது வந்தது. குமாஸ்தா அருமைநாயகம் டைப் அடித்த காகிதத்தை இங்கிலீஷில் கடகடவென்று வாசித்தார். துல்கர்னைன் பக்கத்து நாற்காலிக்காரரிடம் என்னவென்று கேட்டார். அவர் ஒரு விவசாயி. "தெருவுல சாமான் போட்டு அடைக்கக் கூடாதாம்" என்றார். துல்கர்னைனுக்குச் சந்தோஷம். மரக்கடைக்காரன் ஒருவன் தெருமுனையில் தேக்குத் தடிகளை வருஷக்கணக்காகப் போட்டு வைத்திருந்தான். இனி எடுத்துத்தானே ஆகவேண்டும்? எல்லோருக்கும் முன்னால் அவர் கை உயர்ந்தது.

ஆட்சேபம் உள்ளவர்கள் முப்பது நாளைக்குள் எழுதித் தரலாம் என்று தமுக்கு அடித்துச் சொன்னார்கள். பாவடித் தெருவிலும் சொன்னார்கள். சாமான் என்றால் கல், மரம், வண்டி என்றுதான் தெருக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். பாவைச் சாமான் என்று யார் நினைத்தார்? இங்கிலீஷ் காகிதத்தில் மரம், கல், நூல் என்று நூலும் சேர்ந்தே இருந்தது யாருக்கும் தெரியாது.

ஒப்புதல் புரட்டாசியில் வந்தது. அடுத்த திங்கட்கிழமை காலை ஞானதுரை பாவடித் தெருவுக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு பாவாக நின்று, வீட்டுக்காரர் பேரைக் கேட்டு எழுதினார். மைதீன் பிச்சை, ஹைருன் பீவி என்று ஆறு பேர். ஹைருன் பீவி புருஷனை இழந்தவள். அறுபது வயதிலும் தானே பாவு நீவுகிறவள். ஏழாவதாக விரித்திருந்தது துல்கர்னைனின் பாவு. நூர்நிஷாதான் அன்று கஞ்சி போட்டுக்கொண்டிருந்தாள். ஞானதுரை அந்தப் பாவைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

துல்கர்னைன் தொழுகை முடிந்து வந்தபோது தெருவே அவர் வீட்டு வாசலில் நின்றது. மைதீன் பிச்சை அவருடைய பால்யச் சிநேகிதன். அவன்தான் பேசினான்.

"மெம்பர் வீட்டுப் பாவு கண்ணுக்குத் தெரியாத பாவு போலிருக்கே. இன்ஸ்பெக்டருக்குத் தெரியல."

"என்னலே சொல்லுத?"

"உள்ள போயி உன் பெண்டாட்டிட்ட கேளு. ஆறு பேரு கோர்ட்டுக்குப் போவுதோம். நீ வீட்டுல இரு."

ஹைருன் பீவி கஞ்சி காய்ந்துபோன கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் அவரைச் சுட்டது.

நடந்ததை நூர்நிஷா சொல்லக் கேட்டதும் நேரே போர்டு ஆபீசுக்கு நடந்தார். அருமைநாயகத்திடம் பைலாவை எடுக்கச் சொல்லி, வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொன்னார். நூல் என்ற இடம் வந்ததும், "அதை இன்னொருக்கச் சொல்லுங்க" என்றார். அருமைநாயகம் இன்னொரு முறை சொன்னார்.

"இதுக்கா நான் கை தூக்குனேன்?"

"முதல் கை உங்க கைதான் அண்ணாச்சி. மினிட்ஸ்ல இருக்கு."

மறுநாள் விடிந்ததும் துல்கர்னைன் ஒரு பாவை எடுத்துத் தெருவின் நடுவில் தானே விரித்தார். தெருவில் அன்று வேறு பாவே இல்லை. ஞானதுரை வந்தார். ஒதுங்கிப் போகப் பார்த்தவரைத் துல்கர்னைன் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தினார்.

"இன்ஸ்பெக்டர் ஐயா, பேரை எழுதுங்க."

"வேண்டாம் மெம்பர். சுருட்டிட்டுப் போங்க."

"நேத்து என் வீட்டுப் பாவை விட்டுட்டுப் போனிய. ஏன் விட்டிய?"

ஞானதுரைக்கு முகம் கறுத்தது. "நீங்க போர்டுல இருக்கிய. நாளைக்கு என் சம்பளத்துக்குக் கை தூக்குறவரு நீங்க. தப்புதான். எழுதியிருக்கணும்."

"இன்னைக்கு எழுதிருங்க. தெருவுல எனக்குத் தலை நிமிர வேண்டாமா?"

ஞானதுரை சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு எழுதினார். அவர் எழுதுவதை மைதீன் பிச்சையும் நின்று பார்த்தான்.

தென்காசி பெஞ்சு கோர்ட்டில் ஏழு பேரும் வரிசையாக நின்றார்கள். மற்ற ஆறு பேரும் தெரியாமல் செய்துவிட்டோம் என்றார்கள். துல்கர்னைனின் முறை வந்தபோது, நடுவில் இருந்த மாஜிஸ்திரேட் காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீரு அந்த போர்டுல மெம்பரா?"

"ஆமா எசமான்."

"இந்த பைலாவுக்கு ஓட்டுப் போட்டிரா?"

"போட்டேன்."

"சட்டம் போட்டவரே மீறினா எப்படி?"

"தேக்குத் தடிக்குன்னு நினைச்சுக் கை தூக்குனேன் எசமான். நூலும் அதுல இருக்குன்னு பிறகுதான் தெரியும்."

"தெரியாதுன்னு சொன்னா கோர்ட்டு ஒத்துக்கிடாது."

"ஒத்துக்கிட வேண்டாம். கை தூக்குனது தப்புன்னு சொல்லத்தான் வந்திருக்கேன்."

கோர்ட்டில் இருந்த இரண்டு வக்கீல்கள் சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே அபராதம் போட்டார். கிளம்பும்போது துல்கர்னைனைக் கூப்பிட்டு, "அபராதம் போடுறதுதான் எங்க வேலை. சட்டத்தை மாத்துறது உங்க போர்டு வேலை. அது உமக்குத் தெரியுமில்லே?" என்றார். துல்கர்னைனுக்குத் தெரியாது. திரும்பி வரும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தார்.

போட்டவர்களே மாற்றலாம் என்று அருமைநாயகம் உறுதி சொன்னார். முதலில் போட்டபோது என்னென்ன செய்தார்களோ அத்தனையும் திரும்பச் செய்ய வேண்டும்: கூட்டத்தில் தீர்மானம், தமுக்கு, முப்பது நாள் ஆட்சேபம், மேலிடத்து ஒப்புதல். ஆறு மாதம் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம். அதுவரை பழைய பைலாதான் செல்லும்.

தெருக்காரர்கள் பாவைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைப் புளியந்தோப்புக்குப் போனார்கள். ஈர நூலில் புளிய இலை விழுந்து ஒட்டியது. காற்றடித்தால் மண். ஹைருன் பீவியால் அவ்வளவு தூரம் நடக்க முடியவில்லை. பாவைக் கூலிக்குக் கொடுத்து நீவி வாங்கினாள்.

துல்கர்னைன் முதலில் யோசித்தது நேரக் கணக்குத்தான். காலை எட்டு மணி வரை பாவு விரிக்கலாம் என்று எழுதிவிட்டால் போதும் என்று நினைத்தார். நூர்நிஷா அதைக் கேட்டுவிட்டு, "ஆனி, ஆடியில எட்டு மணிக்குள்ள சாரல் விடுமா?" என்றாள். அவள் சொன்னது சரிதான். மலையில் மேகம் இறங்கிவிட்டால் காலையெல்லாம் தூறும். பத்து மணிக்குக் கொஞ்சம் வெறிக்கும். அந்த நேரத்தில் பாவை விரித்து எடுத்தால்தான் உண்டு.

"சாரல் விட்ட நேரத்துலன்னு எழுதிருங்க" என்றார் அருமைநாயகத்திடம்.

"சாரல் விட்டுதா இல்லையான்னு யாரு தீர்ப்பு சொல்லுதது? நீங்க விட்டுதும்பிய, இன்ஸ்பெக்டர் விடலைம்பாரு. கோர்ட்டுல வானத்தைக் கொண்டாந்தா காட்ட முடியும்?"

துல்கர்னைன் எழுந்து வந்து தறியில் உட்கார்ந்தார். அன்று இரண்டு கெஜம் நெய்வதற்குள் நாலு இடத்தில் நூல் அறுந்தது.

அதற்குள் அவர் பைலாவை மாற்றப் பார்க்கிறார் என்ற செய்தி ஊரில் பரவிவிட்டது. தெற்குத் தெருவிலிருந்து போர்டுக்கு ஒரு மனு வந்தது. எழுதியவள் கல்யாணசுந்தரி. ஐந்தாம் வகுப்பு வரை படித்த கையெழுத்து, தெளிவாக இருந்தது. 'எனக்கு நேர்ந்தது இன்னொருத்திக்கு நேரக் கூடாது. தெருவை அடைக்க அனுமதிக்க வேண்டாம்' என்று முடித்திருந்தாள். அருமைநாயகம் அதைக் காட்டியபோது துல்கர்னைன் இரண்டு முறை எழுத்துக்கூட்டி வாசித்தார். இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? பதில் சொல்ல முடியாத ஆளிடம் நேரே போய்விடுவதுதான் நல்லது என்று அவருக்குப் பட்டது. நூர்நிஷாவையும் கூட்டிக்கொண்டு தெற்குத் தெருவுக்குப் போனார்.

கல்யாணசுந்தரி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வந்தது யார் என்று தெரிந்ததும் முகம் இறுகியது. ஆனாலும் உட்காரச் சொன்னாள்.

"உங்க மனுவை வாசிச்சேன் தாயி. அதுல ஒண்ணும் தப்பில்ல. அன்னைக்குக் கழியைப் பிடுங்குனதுல நானும் ஒருத்தன்" என்றார் துல்கர்னைன்.

நூர்நிஷா பிள்ளையின் காலைத் தொட்டு, "ஆம்பளப் பிள்ளையா?" என்று கேட்டாள். ஆமாம் என்றாள் கல்யாணசுந்தரி. பிறகு அவளே பேசினாள்.

"அண்ணாச்சி, உங்க பிழைப்பைக் கெடுக்கணும்னு நான் எழுதல. எனக்குத் தெரு முழுசும் எதுக்கு? ஒரு வண்டி போனாப் போதும். அன்னைக்கு ஒரு வண்டி போக இடம் இருந்திருந்தா நான் பேசாம போயிருப்பேன்."

"ஒரு வண்டி போக."

"அவ்வளவுதான். எந்நேரமும் இருக்கணும். வலி மணி பாத்து வராது."

துல்கர்னைன் நூர்நிஷாவைப் பார்த்தார். மணிக் கணக்கும் வேண்டாம், வானத்தையும் பார்க்க வேண்டாம். அகலத்தைச் சொன்னால் போதும். அந்தப் பெண் தானாகத் தராத தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் ஒரு வில்வண்டியைப் பாவடித் தெருவில் நிறுத்தி, கயிறு வைத்து அளந்தார். ஞானதுரையும் வந்து கயிற்றின் மறுமுனையைப் பிடித்தார். சாக்கடைக்குச் சாக்கடை தெரு பதினெட்டு அடி. ஒரு பாவுக்கும் இரண்டு பக்கமும் நடக்கிறவர்களுக்கும் எட்டடி வேண்டும். வண்டிக்கு ஏழடி. ஒரு ஓரம் மட்டும் பாவு விரித்தால் வண்டி தாராளமாகப் போகும். இரண்டு ஓரமும் விரித்தால் நாய்கூடப் போக முடியாது. கணக்கு அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. அதைத் தெருவில் சொல்வதுதான் கஷ்டம்.

பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார். சனி, திங்கள், புதன் தெருவின் வடக்கு வரிசையான வடசிறகு வீடுகள். ஞாயிறு, செவ்வாய், வியாழன் தென்சிறகு வீடுகள். வெள்ளிக்கிழமை தொழுகைக்காக யாருக்கும் இல்லை. எந்த நாளானாலும் ஏழடி பாதை திறந்திருக்க வேண்டும். மைதீன் பிச்சை எழுந்துவிட்டான்.

"தெருவைக் காப்பாத்தத்தான் உன்னை போர்டுக்கு அனுப்புனோம். நீ பாதித் தெருவை எழுதிக் குடுத்துட்டு வந்திருக்க."

"இப்ப முழுத் தெருவும் நம்மகிட்ட இல்லையேலே. புளியந்தோப்புலதான கிடக்கோம்?"

"வாரத்துல மூணு நாளு வேலை போச்சுன்னா சாப்பாட்டுக்கு என்ன செய்ய?"

"தினமும் எவன் வீட்டுல பாவு விரிக்கான்? மாசத்துக்கு ஒண்ணு, ரெண்டு. நாளைப் பாத்து விரிச்சா முடியாதா?"

கேட்கிற நிலையில் யாரும் இல்லை. பாதிப்பேர் எழுந்து போய்விட்டார்கள். கடைசியில் ஹைருன் பீவிதான் வீட்டு நடையில் நின்றபடியே, "என் வாசல்ல விரிக்க முடியும்னா எந்தக் கிழமையானாலும் சரி" என்றாள். அதற்குமேல் பேச்சு வளரவில்லை. சம்மதம் என்று யாரும் சொல்லவும் இல்லை.

போர்டுக் கூட்டத்தில் அருமைநாயகம் திருத்தத்தை இங்கிலீஷில் வாசிக்க ஆரம்பித்தார். துல்கர்னைன் எழுந்து நின்றார். மெம்பராகி ஒரு வருஷத்தில் அவர் எழுந்து பேசியது அதுதான் முதல் தடவை.

"கை தூக்குறதுக்கு முன்னால தமிழ்ல ஒருக்க வாசிச்சுச் சொல்லணும். இது என் காகிதம்தான். ஆனாலும் வாசிங்க. இனி வாற எல்லாத்தையும் வாசிங்க."

தலைவர் முகம் சுளித்தார். அவர் பெரிய நிலக்காரர், இங்கிலீஷ் தெரிந்தவர். "நேரம் ஆகுமே சாய்பு" என்றார்.

பக்கத்து நாற்காலி விவசாயி மெல்ல, "ஆவட்டும் தலைவரே. நானும் இதுவரைக்கும் எதுக்குக் கை தூக்குனேன்னு எனக்கே தெரியாது" என்றார். இன்னும் இரண்டு பேர் தலையை ஆட்டினார்கள். அருமைநாயகம் தமிழில் வாசித்தார்.

தலைவர் ஞானதுரையிடம் அபிப்பிராயம் கேட்டார். "அகலத்தை அளந்து எழுதியிருக்கு. அளக்க முடிஞ்சதை நான் அமல்படுத்த முடியும்" என்றார் ஞானதுரை. கல்யாணசுந்தரி தன் மனுவைத் திரும்பப் பெறவில்லை. அதன் அடியில், 'ஏழடி பாதை எந்நேரமும் இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை' என்று ஒரு வரி சேர்த்து அனுப்பியிருந்தாள். ஒன்பது பேரில் ஆறு கைகள் உயர்ந்தன.

ஒப்புதல் வர பத்து மாதம் ஆயிற்று. அந்தச் சாரல் காலம் முழுதும் தெருக்காரர்கள் தோப்பில் நனைந்து கஷ்டப்பட்டார்கள். கஷ்டத்துக்கெல்லாம் துல்கர்னைன் பேரைத்தான் சொன்னார்கள். காகிதம் வந்த பிறகு வடசிறகார் முதல் சனிக்கிழமை பாவு விரித்தார்கள். ஞானதுரை கயிற்றோடு வந்து அளந்துவிட்டுப் போனார். இரண்டு மூன்று மாதம் அளந்தார். பிறகு அளக்க வேண்டியிருக்கவில்லை. தென்சிறகில் ஒருவன் முறை தவறி விரித்தால் எதிர்வீட்டுக்காரனே சண்டைக்குப் போனான்.

அடுத்த தேர்தலில் மைதீன் பிச்சை எதிர்த்து நின்றான். முழுத் தெருவையும் மீட்டுத் தருவேன் என்று வீடு வீடாகச் சொன்னான். துல்கர்னைன் பதினோரு ஓட்டில் தோற்றார். நூர்நிஷா அழுதாள். அவருக்கும் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஓட்டுப் போடாதவர்கள் யார் யார் என்று மனது தானாகவே எண்ணிப் பார்த்தது. மூன்றாம் நாள் தறியில் உட்கார்ந்துவிட்டார். மைதீன் பிச்சை போர்டுக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியும் அந்த பைலாவைப் பற்றி வாய் திறக்கவில்லை. "திறந்தா தெற்குத் தெருவுக்குப் பதில் சொல்லணும்லா" என்று ஒருநாள் அவரிடமே சொன்னான். இருவருக்கும் பேச்சு நிற்கவில்லை.

ஞானதுரை மாற்றலாகி, கிழக்கே வேறொரு நெசவாளர் ஊருக்குப் போயிருந்தார். 1939இல் அவரிடமிருந்து தமிழில் ஒரு கடிதம் வந்தது. 'இங்கேயும் அதே வழக்கு. போர்டுக்காரர் பாவே கூடாது என்கிறார்கள், தெருக்காரர் வண்டியே கூடாது என்கிறார்கள். நான் சொன்னால் யாரும் கேட்பதில்லை. தாங்கள் ஒருநாள் வந்து பேச வேண்டும்' என்று எழுதியிருந்தார்.

துல்கர்னைன் வேட்டியை மாற்றிக்கொண்டு பஸ் ஏறினார். அந்த ஊர்த் தெருமுனையில் பத்துப் பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் முன்னால் வந்து, "நீங்க எந்த போர்டுலருந்து வாறிய?" என்று விறைப்பாகக் கேட்டான்.

"போர்டுலருந்து வரல. நானும் தறிக்காரன்தான்" என்றார் துல்கர்னைன். பிறகு தெருவின் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இங்கன யார் வீட்டுல வண்டி இருக்கு? கொண்டாந்து நடுவுல நிறுத்தச் சொல்லுங்க" என்றார்.